அறைக்குள் போனதும் வாசலைத் தேடுங்கள்



இன்று பட்டம் பெற்று இந்த அரங்கை விட்டுப் போகிறவர்களில் பலர் விரைவில் பாஸ்போர்ட்டும் கையுமாகத் தனியே விமானம் ஏறுவார்கள். சிலருக்கு மேற்படிப்பு, சிலருக்கு வேலை, சிலருக்கு முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றும் ஆசை. தாராளமாகப் போகட்டும். இந்த வயதில் பார்க்காத உலகத்தை வேறு எப்போது பார்ப்பது? வீட்டில் இருப்பவர்கள் அஞ்சுவது இருட்டுத் தெருவையும் முன்பின் தெரியாத ஆளையும்தான். ஆனால் தூங்கும் அறையும், இலவசமாக நீட்டப்பட்ட கோப்பையும், வாடகை ஸ்கூட்டரும்கூட இளம் பயணிகளின் உயிரைப் பறித்திருக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சில்டர்ஸ் என்றொரு சிற்றூர். தோட்டங்களில் காய் கனி பறித்துச் சம்பாதித்து, அந்தக் காசில் மேற்கொண்டு பயணம் போகும் இளைஞர்கள் அங்கே ஒரு மலிவு விடுதியில் தங்கியிருந்தார்கள். 2000 ஜூன் 23, நள்ளிரவு கடந்த நேரம். ஒருவன் வைத்த தீயில் அந்தப் பழைய மரக்கட்டடம் எரிந்தது; 15 பேர் இறந்தார்கள். புகையைக் கண்டு ஒலிக்க வேண்டிய எச்சரிக்கைக் கருவி வேலை செய்யவில்லை. மாடி அறை ஒன்றில் சன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது, வெளியேறும் கதவை அடுக்குக் கட்டில் மறித்திருந்தது. பிரிட்டன், நெதர்லாந்து, ஜப்பான், தென்கொரியா என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள். அதன்பின் அந்த மாநிலம் மலிவு விடுதிகளுக்கான தீப்பாதுகாப்புச் சட்டத்தைக் கடுமையாக்கியது. எல்லா நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் இருக்கும் என்று நம்பிப் படுக்க முடியாது. பையை இறக்கி வைப்பதற்கு முன்பே வெளியேறும் வழி எது, அது திறக்கிறதா என்று நடந்துபோய்ப் பார்த்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

"யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடாதே" என்று அம்மா சொல்லி அனுப்புவார். லாவோஸ் நாட்டின் வாங் வியெங் நகரில் 2024 நவம்பரில் நடந்ததை அறிந்தவர் அந்தப் பேச்சைத் தட்டமாட்டார். மெத்தனால் கலந்த மதுவைக் குடித்த சுற்றுலாப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் 19 வயது ஆஸ்திரேலியப் பெண்கள். அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். நாக்குக்கோ மூக்குக்கோ அது தன்னைக் காட்டிக்கொடுக்காது. உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். குடித்துப் பல மணி நேரம் கழித்தே பார்வை மங்கும், மூச்சு வாங்கும். அதற்குள் சாதாரண மதுமயக்கம் என்று நினைத்து நண்பர்கள் தூங்கவைத்துவிடுகிறார்கள். மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. நேரத்தோடு மருத்துவமனைக்குப் போனால் பிழைக்கலாம். குடிக்காதவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். உடன் வந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது அவர்தானே.

சாலை விபத்தைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. உலகம் முழுவதும் 5 முதல் 29 வயது வரையிலானோரின் மரணத்துக்கு முதற்காரணம் அதுதான் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வெளிநாட்டில் செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால், பயணக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைத் தர மறுக்கலாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே வாங்கலாம். போகும் நாடு அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலை தேடிப் போகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை வேலை என்று ஆசைகாட்டி, ஐ.டி. தெரிந்த இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் அடைத்துவைக்கும் கும்பல்களைப் பற்றி 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அடுத்த மாதம் மீண்டு வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். "சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் முகவரை நம்பவே கூடாது.

மாணவச் செல்வங்களே, புறப்படும் முன் பாஸ்போர்ட் நகலோடு, காப்பீட்டு எண், தங்கும் முகவரி, அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். எந்த நாளில் எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்பதையும் அதில் குறித்துவிடுங்கள்.