இயந்திரம் சொன்னால் சரியா?



முன்பெல்லாம் வேலைக்கு மனுப்போட்டால் அதைப் படித்துப் பார்ப்பவன் ஒரு மனிதன். இன்று பல பெரிய கம்பெனிகளில் மனுவை முதலில் படிப்பது கம்ப்யூட்டர். மனிதனுக்குத்தான் வேண்டியவன், வேண்டாதவன் உண்டு, இயந்திரத்திற்கு ஏது பாரபட்சம் என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். நிஜந்தானா?

அமெரிக்காவிலே அமேசான் கம்பெனியார் 2014-ல் இப்படியொரு கருவி செய்யத் தொடங்கினார்கள். பத்து வருஷமாய் வந்த மனுக்களை அதற்குப் பாடமாகக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே அது ஆண்களே மேல் என்று கற்றுக்கொண்டு, “பெண்களுடைய” என்ற சொல் கண்ட மனுக்களுக்கு மார்க்கைக் குறைத்தது. கடைசியில் கம்பெனியாரே அதைக் கைவிட்டார்கள். 2018-ல் இது பத்திரிகையில் வெளியாயிற்று.

இதில் ஆச்சரியமென்ன? பழைய வழக்கத்தைப் பாடமாக வைத்தால் பழைய அநீதிதானே விளையும்? நியூயார்க் நகரத்தில் இத்தகைய கருவிகளை, ஆண் பெண், இனம் என்ற பாரபட்சம் உண்டா என்று தணிக்கை செய்யாமல் உபயோகிக்கக் கூடாதென்ற சட்டம் 2023 முதல் அமுலில் இருக்கிறது.

ஆகவே தோழர்களே, “இயந்திரம் தள்ளிவிட்டது” என்றால், “தலையெழுத்து” என்று அடங்கிப் போகாதீர்கள். இந்த எழுத்தை எழுதியவன் மனிதன். ஏன் தள்ளினாய் என்று கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு மனிதன் அங்கே இருந்தாக வேண்டுமென்று வற்புறுத்துங்கள்.