பால்மரத்துப் பாலும் நானோ மருந்தும்



1896இல் மலாக்கா, புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்ட முன்னோடிகளில் அவர் ஒருவர். பின்னர் ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அமோனியா சேர்த்தால் பால் கட்டாது. ஆசிட் ஊற்றினால் கட்டிவிடும். ஏன்?

பாலில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துகள்கள் மிதக்கின்றன. ஒவ்வொன்றையும் கொழுப்பும் புரதமும் கலந்த மெல்லிய தோல் மூடியிருக்கிறது. அந்தத் தோலின் மின்னேற்றம் துகள்களை ஒன்றையொன்று அண்டவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. ஆசிட் பட்டதும் மின்னேற்றம் தணிந்து, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன.

நானோ மருந்தின் சூட்சுமமும் இதற்கு உறவானதுதான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்பு உருண்டைக்குள் மருந்தை வைத்து உடலில் செலுத்துகிறார்கள். உயிரணு அதை விழுங்கி ஒரு சிறு பைக்குள் வைத்துக்கொள்கிறது. அங்கேயே கிடந்தால் மருந்து சிதைந்துவிடும். ஆனால் பைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. இரத்தத்தில் சாதுவாக இருந்த கொழுப்பு, அமிலம் பட்டதும் மின்னேற்றம் பெற்று, பையின் சுவரைக் குலைத்து மருந்தை வெளியே விடுகிறது. 2021 பிப்ரவரியில் மலேசியாவில் போடத் தொடங்கிய பைசர் கோவிட் தடுப்பூசி இந்த வழியில்தான் உயிரணுவுக்குள் சென்றது.

புற்றுநோய்க்கும் கொழுப்பு உறை உதவியிருக்கிறது. டாக்சோரூபிசின் என்ற மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது. அதைக் கொழுப்பு உறைக்குள் அடைத்த 'டாக்சில்' 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயப் பாதிப்பு குறைந்தது. ஆனாலும் இது குறி தவறாத அம்பு அல்ல. இரத்தத்தில் செல்லும் நானோ துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. புற்றுக்கட்டியைச் சென்றடைவது சிறு பங்குதான். உலகத்து ஆய்வுக்கூடங்கள் இன்னும் போராடுவது இந்த இடத்தில்தான்.

வல்லுநர்களே திணறும் ஒன்றை, ஒரு போத்தல் 'நானோ நீர்' சாதித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பலாமா? அதை நம்பி மருத்துவமனைச் சிகிச்சையைப் பாதியில் விட்டால், போன காலம் திரும்பாது. நாட்டில் பதிவு பெற்ற மருந்துக்கு 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் எண் உண்டு. முதலில் அதைப் பாருங்கள். சத்து மாத்திரைக்கும் பாரம்பரிய மருந்துக்கும்கூட அந்த எண் கிடைக்கும் என்பதால், எண் இருந்தாலே புற்றுநோய் தீரும் என்று பொருளல்ல. சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்ட பிறகே வாங்குங்கள்.

அளவு தெரியாமல் ஆசிட் ஊற்றினால் பால் பாழாகும் என்பதை அனுபவத்தில் கற்ற சமுதாயம் இது. மருந்தைப் பெயரை மட்டும் பார்த்து வாங்கலாமா? சிந்திப்போம்.