எப்படித் தெரியும் என்று கேளுங்கள்



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் கம்பத்தில், போடியில், தேனியில் எந்தப் பள்ளி வாசலில் போய் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும். "மார்க் கம்மியாப் போச்சு, இனிமே ஹிஸ்டரி குரூப்புதான்." துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார்கள். முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் நான். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

வரலாறு என்றால் அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் என்று நினைக்கிறோம். அவை கருவிகள். அந்தப் பாடம் பிள்ளைக்குக் கற்றுத்தருவது ஒரு கேள்வி: "இது உனக்கு எப்படித் தெரியும்?"

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். ஜனவரி 15, முல்லைப் பெரியாற்றில் அணை கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாள். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிறோம். வீட்டில் சாமி படத்தோடு அவர் படத்தையும் மாட்டியிருக்கிறோம். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பித்தானே நிற்கிறது! அரசு பணம் தர மறுத்தது, அவர் தன் சொத்தையும் மனைவி நகையையும் விற்று அணையைக் கட்டினார் என்று டீக்கடையில் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "ஐயா, இதற்குப் பத்திரம் இருக்கா?" என்று கேட்டான். நன்றி கெட்டவன் என்று பக்கத்துப் பையன்கள் சீறினார்கள். அவன் கேட்டதுதான் சரி. அதற்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

சரி, சான்று உள்ளவை எவை? மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று 1789இலேயே ஆள் அனுப்பிப் பார்த்தவர் ராமநாதபுரம் சமஸ்தானப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. அதன் பின் 1886 அக்டோபர் 29இல் அணைக்காகத் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதினார்கள். 1887இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் அணையைத் திறந்தார்கள். அந்த எட்டு ஆண்டில் காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் வெள்ளத்திலும் எத்தனையோ கூலிக்காரர்கள் மாண்டார்கள். அவர்களில் எவர் படத்தை நாம் மாட்டியிருக்கிறோம்? பையன் கேட்ட கேள்வி பென்னிகுவிக்கை ஓர் அங்குலம்கூடக் குறைக்கவில்லை. அவர் பக்கத்தில் நிற்க வேண்டியவர்களையும் நமக்குக் காட்டிக்கொடுத்தது.

அணைக்காக நாம் தெருவில் இறங்கினோம், கடையடைத்தோம். ஆனால் 2014 மே 7இல் அணையில் 142 அடிவரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, நீதிபதிகள் மேசையில் இருந்தவை 1886ஆம் ஆண்டுக் குத்தகைப் பத்திரமும் அணையின் உறுதி பற்றிய வல்லுநர் அறிக்கையும். பழைய காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவன் இல்லாத ஊர் தன் தண்ணீருக்கு எப்படி வாதாடும்?

இன்னொன்றும் சொல்கிறேன். ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் மூன்று நடுகற்களைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் கண்டெடுத்தார்கள். மாணவர்கள்! தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து, 2,000 ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை. ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்தவனுக்கு நட்ட கல் ஒன்றில் கூடலூர் என்ற பெயர் இருக்கிறது. அது நம் மாவட்டத்துக் கூடலூர்தானா? இங்கேயே பிறந்த பிள்ளை ஆராய வேண்டிய கேள்வி அது.

பெருமை மட்டுமா? வலியும் வரலாறுதான். நம் மாவட்டத்தில் 'கள்ளர் சீரமைப்புப் பள்ளி' என்ற பலகையின் கீழ் எத்தனையோ தலைமுறை படித்தது. யாரை, எதற்காகச் சீரமைக்கப் புறப்பட்டார்கள்? பிறப்பையே குற்றமாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதைக் கள்ளர்கள் எதிர்த்தபோது, 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக்கு 16 உயிர் பலியானது. இதைப் படித்த பிள்ளை இன்னொரு சாதியைப் பார்த்து "அவனுங்க பிறவியே அப்படி" என்று சொல்வானா? சொல்ல நா எழாது.

பெற்றோரே, கேட்டு வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு ஹிஸ்டரி குரூப்பைத் தடுக்காதீர்கள். சயின்ஸ் குரூப்பில் சேர்ந்தாலும் "எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை அவன் கையிலிருந்து பிடுங்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே, வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. இன்றிரவு பாட்டியிடம் உட்காருங்கள். அந்தக் காலத்தில் வாய்க்கால் தண்ணீர் எந்த வயல்வரை வந்தது என்று கேளுங்கள். சொன்னதை எழுதுங்கள். அவர் கண்ணால் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்பதையும் கீழே எழுதி, தேதி போடுங்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நாளை இந்தத் தண்ணீரைப் பற்றி எவராவது "எப்படித் தெரியும்?" என்று நம்மைக் கேட்டால், எடுத்து நீட்ட அது வேண்டும்.