‘படம் எப்படி?’ என்னும் வினா

(திரைப்படச் சுவைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2024ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படங்களைப் பற்றி ஒவ்வொருவரும் தம் கருத்தைக் கூறவேண்டுமென இக்கூட்டத்தைக் கூட்டியிருக்கிறீர்கள். திரைப்படத்தைப் பற்றிப் பேசத் தமிழுணர்வாளர்க்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் உரையாடலை நெட்டுருச் செய்து தெருமுனைகளில் ஒப்பித்த மக்கள் நாம். நமக்குப் படம் என்பது பார்த்தவுடன் முடிந்துபோவதன்று; பார்த்ததைப் பேசித் தீர்த்தபின்தான் அது முடியும். அப்பேச்சு இன்று எந்நிலையில் இருக்கின்றது என்பதே என் கவலை.

முதற்காட்சி முடிந்து கூட்டம் வெளியே வருகின்றது. வாயிலில் வலையொளிக்காரர் ஒலிவாங்கியை நீட்டி, ‘படம் எப்படி?’ என்கிறார். ‘ஃபர்சுட்டு ஆஃப் சூப்பர், செகண்டு ஆஃப் லேக்’ என்று விடை வருகின்றது. அடுத்தவரும் அதையே சொல்கிறார். அவர்க்கு அடுத்தவரும் அதையே! மூன்று மணிநேரம் கண்டும் கேட்டும் சிரித்தும் அழுதும் வந்தவன், அத்தனையையும் ஐந்தாறு ஆங்கிலச் சொற்களுக்குள் போட்டு மூடிவிடுகிறான்.

இதை மொழிக்கலப்பு என்று மட்டும் நான் கருதவில்லை. ‘லேக்’ என்பவன் எதைக் குறை கூறுகிறான்? நன்றாகக் கட்டிய கதை நடுவில் தளர்ந்தால் அது தொய்வு. முடிந்துபோன கதையை முடிக்க மனமின்றி நீட்டினால் அது இழுவை. சொன்னதையே திரும்பச் சொன்னால் கூறியது கூறல். நம் இலக்கணிகள் நூற்குற்றங்களுள் ஒன்றாக அதனை என்றோ எண்ணிவைத்தனர். ஆற அமரச் செல்வதோ குற்றமே அன்று. இந்நான்கையும் ஒரே சொல்லால் குறித்துப் பழகியவனுக்கு, நாளடைவில் இந்நான்கும் ஒன்றாகவே தோன்றிவிடும்.

அதனால் விளைந்ததைப் பாருங்கள். செப்டம்பர் 27இல் பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ வந்தது. தஞ்சை மண்ணிலிருந்த வீட்டை இழந்து சென்னைக்குப் பெயர்ந்த ஒருவன், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்திற்காக ஊர் திரும்புகிறான். அவனை உயிராய்க் கருதி உடன்வரும் உறவுக்காரனின் பெயர் அவன் நினைவுக்கு வரவில்லை, கேட்கவும் நாணுகிறான். ஓர் இரவு நெடுக இருவரும் பேசுவதே படம். அப்பேச்சையன்றி அதில் வேறென்ன இருக்கின்றது? ‘லேக்’ என்றனர். வெளியான சில நாள்களிலேயே ஏறத்தாழ 18 மணித்துளி அளவு வெட்டப்பட்டது. அது தொய்வும் அன்று, இழுவையும் அன்று; ஆற அமரச் சென்ற படம் என்பதே என் முடிவு. மாறுபடுவோர் இவ்வவையிலேயே மறுக்கலாம்.

அதற்கு ஒரு திங்கள் முன்னர், ஆகச்டு 23இல், ‘வாழை’ வந்த அதே நாளில் வந்தது ‘கொட்டுக்காளி’. ‘கூழாங்கல்’ படத்திற்காக 2021இல் இராட்டர்டாம் திரைவிழாவில் புலிப் பரிசு பெற்ற வினோத்ராசின் அடுத்த படம் அது. அதில் பின்னணி இசையே இல்லை. பேய் பிடித்ததாக எண்ணி ஒரு பெண்ணை அவள் உறவினர் பூசாரியிடம் அழைத்துச் செல்கின்றனர். அவளோ வாய் திறப்பதே இல்லை எனலாம். முடிவையும் பார்ப்போரிடமே விட்டுவிடுகிறார். ‘முடிவே இல்லையே’ என்று சினந்தவர் பலர். வாய் திறவாத ஒருத்தியை வைத்து இரண்டு மணிநேரத்திற்குச் சற்றுக் குறைவாக நம்மை இருத்தியவன் எப்படி இருத்தினான் என்று கேட்டவர் சிலரே.

சுவைஞர் கூற்றெல்லாம் பிழை என்கிறேன் என எண்ணவேண்டா. நவம்பர் 14இல் ‘கங்குவா’ வந்தபோது, ‘இரைச்சல் காதைத் துளைக்கிறது’ என்றனர். எவ்வளவு தெளிவான பேச்சு! படமுதலாளியே அரங்கினரிடம் ஒலியளவைக் குறைக்கச் சொன்னார். குறையை இன்னதென்று சொன்னதால் திருத்தமும் இன்னதென்று தெரிந்தது.

ஆனால் அப்படத்தின் வீழ்ச்சிக்குப் பின் என்ன செய்தனர்? முதல் மூன்று நாள்களுக்கு வலைத்தளங்களில் திறனாய்வே கூடாதெனப் படமுதலாளிகளின் சங்கமொன்று சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. திசம்பரில் மன்றம் இடைக்காலத் தடைதர மறுத்தது, நன்று. காசு கொடுத்துக் கத்தரிக்காய் வாங்குபவன் சொத்தை என்று சொல்ல மூன்று நாள் பொறுக்கவேண்டுமா?

இதில் நடிகர் மன்றத்தார்க்கும் பங்குண்டு. தம் நடிகரின் படமெனில் பார்க்குமுன்பே வெற்றி. எதிர் நடிகரின் படமெனில் பார்க்காமலே தோல்வி. அதனால் மெய்யாகவே நன்றென்று ஒருவன் சொன்னாலும் அவன் எந்த மன்றத்தான் என்றுதான் கேட்கின்றனர். பெருநடிகர் இல்லாத ‘லப்பர் பந்து’ ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டே வளர்ந்தது. அப்படத்திற்கென்று தூக்கிப்பிடிக்கும் பெருங்கூட்டம் இல்லாததால் சொன்ன சொல்லை நம்பினர். (ரகரம் மொழிமுதல் வாராதென்று ஊர்நாக்கு ‘லப்பர்’ ஆக்கியது, லகரமும் வாராது என்பதை அது பொருட்படுத்தவில்லை!)

ஆகவே இன்று பேச எழுவோர்க்கு ஒரு வேண்டுகோள். நடிகர் பெயரை முதலில் சொல்லாதீர்கள். உங்களை நிறுத்திய ஒரு காட்சியையோ, நெளியவைத்த ஒரு காட்சியையோ எடுத்துக்கொண்டு, அஃது ஏன் அவ்வாறு செய்தது என்பதைத் தமிழில் சொல்லுங்கள். சொல் கிடைக்காமல் தடுமாறினால் அவை காத்திருக்கும். பக்கத்திலிருப்பவர் எடுத்துக் கொடுக்கலாம். ‘கொட்டுக்காளி’யைப் பிடிக்கவில்லை என்றவர்கள் முதலில் வருக.