94 சதவீதம் மறைஞ்சும் ராத்திரி ஆகாத காலை

இன்னைக்குப் பேசப்போறது ஒரு பட்டாணி அளவுப் பொருளைப் பத்தி. பேரு எல்.டி.ஆர். காந்திபுரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடையில சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். தட்டையா ஒரு வட்டம், அதன் முகத்துல நெளிநெளியா ஒரு கோடு, கீழே ரெண்டு கம்பிக் கால். வெளிச்சம் பட்டா மின்தடை குறையும், இருட்டானா கூடும். பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு ‘தானா எரியும் தெருவிளக்கு’ செஞ்சவங்க எல்லாருக்கும் இது தெரியும்.

ஆனா எவ்வளவு குறையும்? யாரும் அதைக் கேக்கறதில்லை. பதில் சொல்ல நம்ம ஊர் வானத்துலயே ஒரு உதாரணம் இருக்கு.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. கங்கண சூரிய கிரகணத்தோட பாதை ஊட்டி, கோவை, திருப்பூர், கரூர்னு நம்ம கொங்கு மேலயே போச்சு. காலை ஒன்பதரை மணி வாக்கில சூரிய வட்டத்தோட பரப்புல கிட்டத்தட்ட 94 சதவீதத்தை நிலா மறைச்சிருந்தது. மிச்சம் ஒரு மெல்லிய வளையம்தான். 94 சதவீதம் போயிட்டா ராத்திரி மாதிரி ஆகணும்தானே? ஆகாது. வெயில் கொஞ்சம் சோர்ந்து, மழை மேகம் கட்டின மாதிரி ஒரு மங்கல். அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாப்போம். டிசம்பர் மாசம் தெளிவான வானத்துல அந்த நேரத்து வெயில் தோராயமா 60,000 லக்ஸ். சூரியனோட விளிம்பு நடுப்பகுதியை விட மங்கல்ங்கறதால, மிஞ்சின வளையத்துல இருந்து இருபதுல ஒரு பங்கு வெளிச்சம் வரும்னு வெச்சுக்குவோம். 3,000 லக்ஸ். நல்லா விளக்குப் போட்ட ஆபீஸ்ல மேஜை மேல விழுறது 300, 500 லக்ஸ்தான்! கிரகணத்தோட உச்சத்துலகூட வாசல்ல ஆபீஸை விட ஆறு மடங்கு வெளிச்சம். தெருவிளக்கு எரிய வேண்டிய அந்தி வெளிச்சமோ இருபது, முப்பது லக்ஸ்.

இப்போ இதே காட்சியை எல்.டி.ஆர். எப்படிப் பாக்கும்? கடையில சாதாரணமா கிடைக்கற 5528 ரகத்தை எடுத்துக்குவோம். 10 லக்ஸ்ல அதோட மின்தடை 10-லிருந்து 20 கிலோ ஓம். வெளிச்சம் பத்து மடங்கு கூடினா மின்தடை பத்துல ஒரு பங்கா ஆகறதில்லை, சுமாரா அஞ்சுல ஒரு பங்காத்தான் ஆகும். அது பாக்கறது எத்தனை லக்ஸ் கூடுச்சுங்கறதை இல்லை, எத்தனை மடங்கு கூடுச்சுங்கறதை. அப்படிப் பாத்தா, கிரகணத்தோட இருபது மடங்குச் சரிவுக்கு மின்தடை எட்டு மடங்குதான் ஏறும். சில நூறு ஓம்லயே நிக்கும். அதே வெயில்ல இருந்து அந்தி வரைக்கும் மூவாயிரம் மடங்குச் சரிவு. அதுக்கு மின்தடை இருநூத்தி எழுபது மடங்கு ஏறி, பத்து கிலோ ஓம் பக்கம் வரணும். கடும் வெயில்ல இந்தச் சூத்திரம் அச்சு மாறாம நிக்காது, ஆனா தூரம் எவ்வளவுன்னு புரியுது பாருங்க. அந்திக்குனு செட் பண்ணின சர்க்யூட்டுக்கு அந்தக் காலை வெறும் காலைதான்.

ஏன் அஞ்சுல ஒரு பங்கு? உள்ள இருக்கறது கேட்மியம் சல்ஃபைடு. ஒளி பட்டா அதுக்குள்ள கட்டுண்டு கிடக்கற எலக்ட்ரான் விடுபட்டு ஓடும், மின்சாரம் சுலபமா போகும். ஆனா விடுபட்டது அதிகமாக அதிகமாக, திரும்பி மாட்டிக்கறதும் வேகமாகும். பஸ்ல ஏறறவங்க கூடக் கூட இறங்கறவங்களும் கூடினா எப்படியோ, அப்படி. அதனால வெளிச்சத்துக்கு ஈடா ஓட்டம் ஏறறதில்லை. இதுக்குப் பச்சை நிறத்து ஒளிதான் ரொம்பப் பிடிக்கும், கிட்டத்தட்ட நம்ம கண்ணு மாதிரியே. கேமரா லைட் மீட்டர்ல இதை வெச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். மொதல்ல இந்தக் குணம் தெரிய வந்தது செலினியத்துல. 1873-ல வில்லபி ஸ்மித், கடலடித் தந்திக் கம்பியைச் சோதிக்க வெச்சிருந்த செலினியத் துண்டோட மின்தடை, வெளிச்சம் பட்டா மாறுதுன்னு எழுதினார்.

இன்னொரு குணம், இது சோம்பேறி. வெளிச்சம் மாறினதை உணர 20, 30 மில்லி செகண்ட் ஆகும். நல்ல இருட்டுல முழு மின்தடைக்கு ஏற பல நொடிகூட ஆகும், நடுவுல சிக்கின எலக்ட்ரான்கள் மெதுவாத்தான் வீடு திரும்பும். நம்ம மில்லுக்குள்ள போனா இது எவ்வளவு பெரிய குறைன்னு தெரியும். கோன் வைண்டிங் மிஷின்ல நூல் நிமிஷத்துக்கு 1,200 மீட்டர் ஓடுதுன்னா, நொடிக்கு 20 மீட்டர். எல்.டி.ஆர். கண்ணு முழிக்கற 30 மில்லி செகண்டுக்குள்ள 60 சென்டிமீட்டர் நூல் கடந்து போயிருக்கும். ரெண்டு சென்டிமீட்டர் தடிப்பை அது எங்க பிடிக்கறது? அதனாலதான் ஒளியால நூலைப் பாக்கற கருவிகள்ல வேகமான போட்டோடயோடு வகைகள் வந்துச்சு.

மொட்டை மாடி விளக்குக்கு இந்தச் சோம்பல் பரவாயில்லை. இன்னும் சொன்னா, போற வண்டியோட ஹெட்லைட்டுக்கு ஏமாறக் கூடாதுன்னு கெப்பாசிட்டர் போட்டு நாமே இன்னும் சில நொடி தாமதிக்கறோம். அங்க வர்ற தொல்லை வேற. எல்.டி.ஆர். அதே பல்பைப் பாத்துட்டு நின்னா, எரிஞ்சதும் ‘விடிஞ்சிருச்சு’ன்னு அணைக்கும், அணைஞ்சதும் திரும்ப எரிக்கும். அதை மறைவா வானத்தைப் பாத்து வைங்க, எரியற அளவுக்கும் அணையற அளவுக்கும் நடுவுல நல்ல இடைவெளி விடுங்க. உடைஞ்சு போனதைக் குப்பையில வீச வேண்டாம், உள்ள இருக்கற கேட்மியம் நச்சு. ஐரோப்பாவும் நம்ம நாட்டு மின்கழிவு விதிகளும் அதுக்கு 0.01 சதவீதம்னு கடுமையான வரம்பு வெச்சிருக்கறது அதனாலதான்.

அடுத்த கங்கண கிரகணம் தமிழ்நாட்டுக்கு 2031 மே 21. பாதை இந்த வாட்டி மதுரைப் பக்கம், கோவைக்குப் பகுதி கிரகணம்தான், மதியத்துல. எல்.டி.ஆரோட 10 கிலோ ஓம் சேத்துடாதீங்க, அந்த வெயில்ல எதுவும் நகராது. சில நூறு ஓம் ரெசிஸ்டர் போட்டு, நிமிஷத்துக்கு ஒரு வாட்டி வோல்ட்டேஜைக் குறிச்சு வரைபடம் போடுங்க. வெறுங்கண்ணால மட்டும் சூரியனைப் பாத்துடாதீங்க.