ஷெட்டுக்குள்ள குளிர்: ஹீட்டர் வாங்குறதுக்கு முன்னாடி

திருவண்ணாமலை அக்னி ஸ்தலம். சித்திரை வெயில்ல கிரிவலப் பாதையில செருப்பில்லாம நடந்தவங்களுக்கு அதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. அந்த ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு ஹீட்டரைப் பத்தி ஒரு எபிசோடான்னு நீங்க சிரிக்கலாம். ஆனா இதே மாவட்டத்துலதான் ஜவ்வாது மலையும் இருக்கு. மார்கழி மாசம் ஜமுனாமரத்தூர்ல விடியக்காலையில வெளிய நின்னு பாருங்க, பல்லு தந்தி அடிக்கும்.

அங்க டூ வீலர் மெக்கானிக் ஷெட் வச்சிருக்கிற நண்பன் ஒருத்தன் போன் பண்ணான். "மச்சான், ஆன்லைன்ல எந்த ஹீட்டர் நல்லதுன்னு பார்த்துச் சொல்லுடா. காலையில ஸ்பேனரைத் தொட முடியல." சரிடா, இப்போ எப்படிச் சமாளிக்கிறேன்னு கேட்டேன். "இரும்புச் சட்டியில கரியைப் போட்டு, நல்லா கனிஞ்சதும் உள்ள வச்சிட்டு ஷட்டரை இறக்கிடுவேன். புகையே வராது, ஒண்ணும் ஆகாது."

அந்தப் "புகையே வராது"க்காகத்தான் இந்த எபிசோடு.

புகை வந்தா நமக்குக் கண் எரியும், இருமல் வரும், கதவைத் திறந்துடுவோம். கனிஞ்ச கரியில அந்த எச்சரிக்கை கிடையாது. சட்டிக்கு அடியில உருவாகுற கார்பன் டை ஆக்சைடு, மேல தகதகன்னு இருக்கிற கரி வழியா ஏறும்போது கார்பன் மோனாக்சைடா மாறுது. அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்துல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல வலுவா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம். குளிர்ல வேலை செஞ்ச களைப்புன்னு நினைச்சு அப்படியே சாய்ஞ்சுடுவாங்க. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ராத்திரி அடுப்புக் கரியை ரூமுக்குள்ள வச்சுப் படுத்தவங்க காலையில எழுந்திருக்கலைங்கிற செய்தியை நாம பலமுறை படிச்சிருக்கோம்.

கரிதான் பிரச்சினை, கேஸ் ஹீட்டர்னா பரவாயில்லைன்னு நினைக்காதீங்க. 2020 ஜனவரியில நேபாளத்துல டாமன்ங்கிற மலை ஊருக்குக் கேரளாவிலிருந்து சுற்றுலா போனவங்கள்ல 8 பேர் ஒரே ரூம்ல கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கிட்டுத் தூங்கினாங்க. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. 8 பேருமே இறந்துட்டாங்க, அதுல 4 பேர் குழந்தைங்க. அடைச்ச இடத்துல எது எரிஞ்சாலும் கணக்கு ஒண்ணுதான். யாராவது மயங்கிக் கிடந்தா முதல்ல வெளிக்காத்துக்குத் தூக்கிட்டு வாங்க, உடனே 108.

இதைச் சொன்னதும் நண்பன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "போன வாரம் பையனுக்குத் தலைவலின்னு சொன்னான்டா" என்றான். அவன் ஷெட்ல வேலை கத்துக்கிற பையன். அன்னிக்கே சட்டி வெளிய போயிடுச்சு.

சரி, கரன்ட் ஹீட்டர்? இங்க கொஞ்சம் கணக்கு போடலாம், எனக்குப் பிடிச்ச இடம். 10க்கு 20 அடி ஷெட், 10 அடி உயரம். உள்ள இருக்கிற காத்து சுமார் 68 கிலோ. அதை மட்டும் 10 டிகிரி ஏத்த 0.2 யூனிட் போதும், அதாவது 2000 வாட் ஹீட்டருக்கு ஆறு நிமிஷ வேலை. பிரமாதம்! ஆனா மேல சிமென்ட் ஷீட். அது வழியா மட்டும் 1100 வாட் அளவுக்குச் சூடு வெளிய போகும். செங்கல் சுவர் வழியா இன்னும் அதே அளவு. ஷட்டர் இடுக்குல வர்ற காத்து தனிக் கணக்கு. ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற கதைதான். வீட்டுக்குக் கிடைக்கிற இலவச யூனிட்டும் பட்டறைக்குக் கிடையாது.

அதனால ஷெட்டைச் சூடாக்காதீங்க, ஆளைச் சூடாக்குங்க. ஃபேன் வச்ச புளோயர் காத்தைச் சூடாக்கும், அந்தக் காத்து கூரைக்குப் போயிடும். குவார்ட்ஸ் ராடு ஹீட்டர் வெயில் மாதிரி நேரா உடம்பு மேல அடிக்கும். 800 வாட் போதும். நிக்கிற இடத்துல தடியான ரப்பர் மேட் போடுங்க, ஏன்னா சிமென்ட் தரை உள்ளங்காலிலிருந்து உறிஞ்சுற சூடு நாம நினைக்கிறதைவிட அதிகம்.

2000 வாட்தான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு: அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சின்னப் பின் சாக்கெட் 6 ஆம்பியருக்குத்தான். கன்வெர்ட்டர் பிளக் மாட்டி, அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுறது நம்ம தேசிய வழக்கம். பிளாஸ்டிக் உருகுற வாசனை வந்தப்புறம்தான் யோசிப்போம். 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் ஒயரோட, நேரா சுவர்லயே இருக்கணும்.

மெக்கானிக் ஷெட்டுக்கு மட்டும் இன்னொண்ணு. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம், தரையோட தரையா ஊர்ந்து போகும். சிவந்த ராடு தரையில இருந்தா அது தேடி வந்து பிடிக்கும். ஹீட்டரை ஆளுயரத்துல சுவர்ல மாட்டினாலும், ராடு எரியுறப்போ உள்ள பெட்ரோலையோ தின்னரையோ திறக்கவே கூடாது. கார்புரேட்டர் கழுவுற வேலை எவ்வளவு குளிரா இருந்தாலும் வெளியிலதான். ஆஃப் பண்ணப்புறமும் ராடு ஆறுறதுக்குக் கொஞ்ச நேரம் கொடுங்க.

மலைப்பக்கம் பட்டறை வச்சிருக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க.