காக்காவும் தாத்தாவும்

இந்த மாநாட்டு மேடையில் நான் அமர்ந்திருப்பது என் ஆசிரியர்கள் அமர்ந்த இருக்கை. பெருமையாக இருக்கிறது; கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

‘குழந்தைப் பேச்சுப் பயிற்சியில் கல்வி உளவியல்’ என்பது மாநாட்டுப் பொருள். பரிசு தந்து பழக்கும் ஸ்கின்னரின் வலுவூட்டல், உதவியோடு குழந்தை எட்டக்கூடியதைப் பார்க்கும் வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம், 1976இல் வுட், புரூனர், ராஸ் மூவரும் மரக்கட்டைப் பிரமிடை வைத்து விளக்கிய, உதவியைக் கொடுத்து மெல்ல விலக்கும் சாரக்கட்டு எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அடுத்த அமர்வுகளில் விரிவாக வரும். நான் ஒரு குழந்தையைப் பற்றிப் பேசுகிறேன்.

ஐந்து வயதுப் பையன். ககரம் வராது, எல்லாம் தகரம். மதில்மேல் உட்காரும் காக்காவும் அவனுக்குத் தாத்தா, திண்ணையில் இருப்பவரும் தாத்தா. என்னிடம் வருமுன் மூன்று மாதம் ஸ்டிக்கர் கொடுத்து ‘க, க’ என்று சொல்ல வைத்திருந்தார்கள். அப்படியும் ககரம் வரவில்லை, பழையபடி தகரம்தான்.

இரண்டு படங்களை மேசையில் வைத்தேன். காக்காவைப் பார்த்துக்கொண்டே “தாத்தா” என்று கேட்டான். தாத்தா படத்தைக் கொடுத்தேன். முகம் சுருங்கியது. மறுபடி கேட்டான், மறுபடியும் தாத்தாவே வந்தார். மூன்றாம் முறை வாயெடுத்தவன் நிறுத்தினான். தான் சொல்வது எதிரில் இருப்பவருக்கு வேறாகக் கேட்கிறது என்று அப்போதுதான் அவனுக்குப் பட்டது. அதன் பிறகே ஐஸ் குச்சியால் நாக்கின் நுனியை மெல்ல அழுத்தினேன். நுனி எழ வழியில்லாமல் அடிநாக்கு எழுந்தது, ககரம் வந்தது. முதலில் குச்சி, சில வாரத்தில் விரலைக் காட்டினாலே போதும் என்றானது, பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

இங்கே என் பழைய வழக்கை எடுக்கிறேன். எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியலில் தொல்காப்பியர் ககரத்துக்கு அடிநாவையும் அடியண்ணத்தையும் சொல்கிறார். தகரத்துக்கு நுனிநா பரந்து பல்லடியில் ஒற்றவேண்டும் என்கிறார். லகரத்துக்கு ஒற்றுதல், ளகரத்துக்கு வருடுதல். எல்லாம் நாக்கு செய்கிற வேலைகள். ‘தொடு’, ‘தடவு’ என்றால் குழந்தை செய்யும். ககரம் ஒரு ‘பின்னண்ண ஒலி’ என்று சொன்னால் குழந்தை என்ன செய்யும்?

இலக்கணம் பேச்சுப் பயிற்சிக்கு உதவும் என்று பல ஆண்டுகளுக்கு முன் நான் சொன்னபோது மூத்த பேராசிரியர் ஒருவர், “இலக்கணம் தமிழ்த் துறைக்கு, நமக்கு அளவீடு போதும்” என்றார். அவரிடம் கற்றவன் நான். அவருடைய கண்டிப்பால்தான் ஒழுங்காகக் குறிப்பெடுக்கப் பழகினேன். ஆனாலும் அவர் சொன்னது சரியல்ல. அளவீடு என்று சரியாக வந்த சொற்களை மட்டும் எண்ணினோம். எவ்வளவு உதவியோடு வந்தன என்பதை எழுதவே இல்லை. வைகாட்ஸ்கி பார்க்கச் சொன்னதோ அந்த உதவியைத்தான். ஸ்கின்னரின் 1957ஆம் ஆண்டு நூலுக்கு 1959இல் சாம்ஸ்கி எழுதிய மறுப்பை வகுப்பில் நடத்துகிறோம், பயிற்சி அறையில் ஸ்டிக்கரோடு நின்றுவிடுகிறோம். வந்துவிட்ட ஒலியைப் பழக்க ஸ்டிக்கர் உதவும். வராத ஒலியை அது கொண்டுவராது.

குறிப்பெடுக்கும்போது கவனிக்க இன்னொன்று. வீட்டில் எல்லோருமே ழகரத்தை ளகரமாகச் சொல்லும்போது அந்த வீட்டுக் குழந்தையைக் குறையுள்ளதாகப் பதிவது தவறு.

இந்த மாநாட்டில் கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள்: குழந்தை எத்தனை சொல் சரியாகச் சொன்னது என்பதோடு, எந்த உதவியில் சொன்னது, அந்த உதவியை எப்போது நிறுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.